குதிரைக்குக் கொள்ளு வைத்தது யார்?

அப்போதெல்லாம் சரித்திரத் தொடர்கதை என்றால், பொழுது சாயும் நேரத்தில் ஒற்றைக் குதிரையில் ஒரு வாலிபன் வந்தாக வேண்டும். விரலில் முத்திரை மோதிரம், மடியில் ரகசிய ஓலை. அவன் சத்திரத்தில் கண்ணை மூடிப் படுத்தால் போதும், பக்கத்து அறையில் சதியாலோசனை தொடங்கிவிடும். கோட்டைக்குள் எந்தத் தூணில் சாய்ந்தாலும் சுரங்கம் திறக்கும். ஒட்டுத்தாடி வைத்துவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. காதலிப்பதற்கு இருவர் வேண்டும்: 'யவன ராணி'யில் பூவழகியும் ராணியும், 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும்.

எங்கள் வீட்டுக் 'கடல் புறா', குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்தது. மேலே பழைய காலண்டர் அட்டை. வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் போயிருக்கும். லதா வரைந்த நாயகிகளுக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. வாளை ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவைத்து, சரித்திர ஆசிரியர்களை மேற்கோள் காட்டுவார் சாண்டில்யன். வெட்டுப்பட வேண்டியவன் அதுவரை மரியாதையாகக் காத்திருப்பான்.

நான் வாய்விட்டுப் படிக்க, அமுச்சி (அம்மாவின் அம்மா) கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்பார். சுரங்கம், சதி எதிலும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங் கண்ணு, ராப்பூரா ஓடுன குதிரைக்குத் தண்ணி காட்டுனானா, கொள்ளு வெச்சானா?" காங்கேயம் காளை கட்டி ஏற்றம் இறைத்த வீட்டுக்காரியின் கேள்வி. எந்த அத்தியாயத்திலும் பதில் இல்லை.

எனக்கு வேறொரு குறை. அந்தக் குதிரைகள் காஞ்சிக்குப் போயின, புகாருக்குப் போயின, தஞ்சைக்குப் போயின. எங்கள் கொங்குநாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இத்தனைக்கும் சுண்டக்காமுத்தூர் அருகே 'இராசகேசரிப் பெருவழி' என்று சோழர் காலத்திலேயே பாறையில் வெட்டி வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகை இருந்தும் வழி தெரியவில்லை!

இப்போது பீளமேட்டு அடுக்குமாடியில் அண்ணன் மகள் போனில் சீனத் தொடர் பார்க்கிறாள், தமிழ் டப்பிங்கில். வெள்ளை அங்கி வாலிபன் மலையுச்சியிலிருந்து விழுந்தான். "சாகமாட்டான் கண்ணு. கீழே குகை இருக்கும், குகைக்குள்ளே கிழவர் இருப்பார், கிழவர்கிட்ட ஒரு சுவடி இருக்கும்" என்றேன். இருந்தன. "அந்தப் பையன் பையனே இல்லை, பொண்ணு." ஆமாம், பொண்ணு. "எப்படீங் சித்தப்பா? முன்னாடியே பாத்துட்டீங்களா?"

குமுதம் பார்த்தவனுக்கு இதில் பார்க்க என்ன பாக்கி? 1950-களில் ஹாங்காங் நாளிதழ்களில் ஜின் யோங் தினமும் துண்டுதுண்டாக வாள்வீரர் கதை எழுதிக்கொண்டிருந்தார். இங்கே கல்கியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'பொன்னியின் செல்வன்'. ஒருவரையொருவர் படித்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கும் பத்திரிகை விற்றாக வேண்டும் என்றால், இன்றைக்கு யாரையாவது மலையிலிருந்து தள்ளித்தான் ஆக வேண்டும். சாண்டில்யன் ஒருபடி மேலே போய், 'கடல் புறா' நாயகன் கருணாகரப் பல்லவனுக்குக் கடற்போர் குருவாக அகூதா என்ற சீனக் கொள்ளைக்காரரையே கொண்டுவந்துவிட்டார். அன்று 'தொடரும்' என்றால் ஒரு வாரம். இன்று அடுத்த எபிசோட் தானே ஓடுகிறது, அவள்தான் தூங்கப் போவதில்லை. குதிரை இன்னும் பட்டினிதான்.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நம்மூர்க் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். அறச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டி வெள்ளைக்காரனை எதிர்த்த தீரன் சின்னமலை. எதிரிப் படைக்குள்ளே இருந்துகொண்டு செருப்புக்குள் ஓலை வைத்து எச்சரித்த வேலப்பன். பீரங்கியோடு வந்தவர்கள் வெறுங்கோட்டையைக் கண்டு விழித்தது. கடைசியில் சமையல்காரனே காட்டிக்கொடுத்தது. எல்லாம் கொங்குநாட்டில் வழிவழியாகச் சொல்லிவருவது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்புறம்? சுரங்கத்துல தப்பிச்சுட்டாருங்களா?"

"இல்லை கண்ணு. 1805-இல் சங்ககிரியில் தூக்கில் போட்டுட்டாங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு." 'பொன்னியின் செல்வன்' தொடக்கத்தில் வந்தியத்தேவனைக் கல்கி குதிரையேற்றி அனுப்பியதும் ஓர் ஆடிப்பெருக்கில்தான்.

கொஞ்சம் யோசித்தாள். "ஹீரோவைக் கொன்னுட்டா செகண்ட் சீசன் எப்படீங் சித்தப்பா எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு போனை எடுத்துக்கொண்டாள்.