ஓவன் இல்லாத தீபாவளி பிஸ்கட்

கேள்வி: தீபாவளிக்கு நட்சத்திர பிஸ்கட் வெட்டி ஐசிங் பூச வேண்டுமாம் பேத்திக்கு. வீட்டில் ஓவனும் இல்லை, அச்சும் இல்லை. என்ன செய்ய?
– ஒரு பாட்டி, உத்திரமேரூர்

பதில்: கி.பி. 921-லேயே தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிய ஊரம்மா உங்களுடையது, மாவில் நட்சத்திரம் வெட்ட முடியாதா? அட்டையில் வரைந்து நறுக்கி, மாவின் மேல் வைத்துக் கத்தியால் சுற்றி வெட்டுங்கள். எடைக் கணக்கில் மைதா 3 பங்கு, வெண்ணெய் 2, பொடித்த சர்க்கரை 1. சோடா உப்பு மட்டும் வேண்டாம். நட்சத்திரம் உப்பிப் பௌர்ணமி நிலவாகிவிடும். அடிகனமான குண்டானில் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து மூடிச் சூடாக்கினால் அதுதான் ஓவன். தட்டை உள்ளே வைத்து, ஓரம் சிவந்ததும் எடுங்கள். நன்றாக ஆறிய பிறகே ஐசிங். சூட்டில் பூசினால் வழிந்தோடும். நிறத்துக்கு பீட்ரூட் சாறு ஒரு சொட்டு போதும். டப்பாவை இறுக மூடுங்கள், எறும்புக்கும் தீபாவளிதான்.