கல்யாண வீட்டுத் தங்கலும் இத்தாலியக் கடற்கரைக் கோட்பாடும்: சுந்தரபாண்டியத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இத்தாலியின் கடற்கரைப் பழைய ஊர் ஒன்றில், பல நூற்றாண்டு கண்ட கல்வீட்டில், கடல் தெரியும் ஜன்னலோரம் சில இரவுகள் தூங்குவதற்கு ஒரு மனிதன் தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். அதே மனிதன் சுந்தரபாண்டியத்துக்குச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், பக்கத்து வீட்டு மச்சில் படுத்துக்கொள்ளச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறான். இவ்விரு தங்கல்களும் அடிப்படையில் ஒன்றே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவில் வந்து, வத்திராயிருப்புப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் இந்தக் களத்தை அடைவர். நெசவு ஊர். மேற்கே மலை, இடையில் வயலும் கண்மாயும். கடல் கிடையாது, தென்கிழக்கே சுமார் 100 கி.மீ. போனால் உண்டு. கடற்கரை ஊரைப் பற்றிய ஆய்வுக்குக் கடலே இல்லாத ஊரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கலாம். முறையியல் தூய்மைக்காகத்தான். கடல் இருந்தால் எவனும் ரசிப்பான். கடலைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதல்லவா ஆராய்ச்சி?

முதலில் கோட்பாடு. 1976 மே மாதம் வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலிப் பகுதியில் பெரிய நிலநடுக்கம். இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள்; குடியிருக்கத்தான் ஆள் வரவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளை என்ன செய்வது என்ற கவலையிலிருந்து 1980களில் பிறந்தது ‘அல்பெர்கோ டிஃபூஸோ’, அதாவது ஊருக்குள் சிதறிக் கிடக்கும் விடுதி. ஜியான்கார்லோ டாலாரா என்பவர் அதற்கு இலக்கணம் வகுத்தார். 1998ல் சார்டீனியாத் தீவு அதைச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டது. வரவேற்பு ஓர் இடத்தில் இருக்கும், அறைகள் பல வீடுகளில் இருக்கும். எல்லாம் 200 மீட்டருக்குள் அடங்க வேண்டும். நிர்வாகம் ஒரே கையில் இருக்க வேண்டும். சுற்றிலும் ஊர் என்று ஒன்று உயிரோடு நடமாட வேண்டும். இன்று பொலிஞானோ, செஃபலூ போன்ற கடலோரப் பழைய ஊர்களுக்குப் போகிறவர்கள் சந்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு தேடுவதெல்லாம் ஏறக்குறைய இந்த வழிதான். கார் உள்ளே போகாது. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி தடதடக்க நடக்க வேண்டும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கம் பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்கு இந்த அனுபவத்தை விவரிக்கத் தேவையில்லை.

முன்னோர் ஆய்வுகளையும் குறிப்பிடுவது மரபு. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் நான்கு, எந்த வழியாகப் போனால் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று, போய் வந்த கலைஞன் போகப்போகும் கலைஞனுக்குச் சொல்லும் நூல்கள். நான்குமே ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள் என்பதால் அவற்றின் நடுநிலைமை சந்தேகத்துக்குரியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் இன்றும் சத்திரம் இருக்கிறது. 1620ல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடியில், கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்றை நீம்ரானா குழுமம் விடுதியாக்கியிருக்கிறது. கடலும் பழைய ஊரும் சேர்ந்த நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அங்கே பில் கொடுக்கிறார்கள் என்பதால் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

இனி களம். சுந்தரபாண்டியத்துச் சிதறல் விடுதியின் வரவேற்பறை என்பது கல்யாண வீட்டு நடையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பெரியம்மா. இடுப்பில் ஏழெட்டு வீட்டுச் சாவி. ஒன்றுகூட அவருடைய வீட்டுச் சாவி கிடையாது. கணினி இல்லை, பதிவேடு இல்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், உறவு, வயது, மூட்டுவலி, பழைய மனஸ்தாபம் ஆகிய நான்கையும் கணக்கிட்டு அறை ஒதுக்கப்படுகிறது. சம்பந்தி வீட்டார் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வாத்தியார் வீட்டுக்கு. கைக்குழந்தைக்காரிகள் ஃபேன் சத்தம் போடாத வீட்டுக்கு. போன கல்யாணத்தில் சண்டை போட்ட இரண்டு மாமாக்களும் தெருவின் இரண்டு முனைகளுக்கு. இளவட்டங்களுக்கு மொட்டை மாடி; அதற்குச் சாவி தேவையில்லை.

“மாப்ளே, நீங்க தறி வீட்டுக்குப் போயிருங்க. காத்து நல்லா வரும். குழியப் பாத்துப் படுங்க” என்கிறார் பெரியம்மா. இந்தக் கடைசி வாக்கியம் எந்த இத்தாலிய விடுதியின் விதிமுறைப் பலகையிலும் காணப்படாதது. குழித்தறி உள்ள வீட்டில் நெசவாளர் காலை இறக்கி மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தரையில் பள்ளம் இருக்கும். பகலில் அது தொழிற்கூடம். இரவு 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவருக்கு அது வேறு. பாதி நெய்த சேலை தறியில் இருக்கும். அதன்மேல் துண்டு போடக் கூடாது, செல்போன் வைக்கக் கூடாது, தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் அறவே கூடாது. மிலான் வடிவமைப்பாளர்கள் பழைய வீட்டுச் சுவரில் ஒரு தறிக்கட்டையை மாட்டிவைத்து அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்றால், இங்கே விருந்தாளி படுத்திருப்பது ஒரு வாரக் கூலிக்குப் பக்கத்தில்.

அறையின் கொள்ளளவு பற்றிய முதல் பரிசோதனை திருக்கோவலூரில் நடந்தது. மழை இரவு. ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றுகொண்டார்கள். நாலாவதாக யாரோ நெருக்க, அது பெருமாள் என்று பிறகு தெரிந்தது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த வட்டாரத்தில் இந்தத் தேற்றத்தை அறியாதவர் இல்லை. ஆயினும் கல்யாண வீட்டில் அது திருத்தம் பெற்றுள்ளது. ஒருவர் படுக்கும் இடத்தில் இங்கே மூவர் படுக்கிறார்கள். நாலாவதாக நெருக்குபவர் கடைசி பஸ்ஸில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அத்தான். அவர் யார் என்பதும் விடிந்த பிறகுதான் தெரிகிறது.

படுக்கை விரிப்புகள் தனி ஆய்வுக்குரியவை. ஜமுக்காளம், பாய், தலையணை எல்லாம் பத்து வீட்டிலிருந்து திரட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் இரண்டெழுத்து தைத்திருக்கும், அல்லது மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். அண்டா, குத்துப்போணிகளில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும்; அதைப் படித்தால் எந்த அத்தைக்கு எந்த வருஷம் சீர் வந்தது, அந்தப் போணி இப்போது ஏன் இந்த வீட்டில் இருக்கிறது என்ற வரலாறு வெளிப்படும். கல்வெட்டியல் அறிஞர்கள் கவனிக்கத் தவறிய துறை இது. பந்தல் பிரித்த மறுநாள் மத்தியானம் பெண்கள் நடையில் உட்கார்ந்து, மூலையைத் திருப்பிப் பார்த்து வீடுவாரியாகப் பிரிப்பார்கள். ஒரு தலையணை கூடும், அல்லது ஒரு தலையணை குறையும். இரண்டும் ஒரே கல்யாணத்தில் நடந்ததற்கும் சான்றுண்டு.

காட்சி பற்றி. கடல் பார்த்த அறை என்றால் அங்கே விலை ஏறும். சுந்தரபாண்டியத்து மொட்டை மாடியில் மேற்கே பார்த்துப் படுத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை வரிசை, சதுரகிரிப் பக்கம். கடலுக்குள்ள எல்லாக் குணங்களும் அதற்கு உண்டு: நீலம், அகலம், அந்தப் பக்கம் வேறு மொழி. ஆடிக்காற்று அடிக்கும்போது சத்தமும் உண்டு. குறை ஒன்றுதான், அதில் குளிக்க முடியாது.

குளியலுக்கு வருவோம். 1975 ஜூலையில் இத்தாலி ஒரு சுகாதார ஆணை போட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது ‘பிடே’ இருக்க வேண்டும் என்றது. மலம் கழித்தபின் உட்கார்ந்து தண்ணீரில் கழுவிக்கொள்ளும் பீங்கான் தொட்டி அது. மேல்நாட்டில் பலர் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ள, இத்தாலியர் தண்ணீருக்காகச் சட்டமே போட்டிருக்கிறார்கள்; இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே பீங்கான், இங்கே பிளாஸ்டிக் மக்கு. மற்றபடி கல்யாணத்தன்று காலை 5 மணிக்கு ஒரு குளியலறை வாசலில் துண்டோடு நிற்கும் பதினைந்து பேரில், ஆண்களைத் தோட்டத்து பம்புசெட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். தொட்டியில் குழாய் கொட்டும் இடத்தில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் எந்த ஸ்பாவும் வேண்டாம். மும்முனை மின்சாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுப்பிவிடும் சேவை இரு நாட்டிலும் உண்டு. அங்கே தொலைபேசி, இங்கே மைக் செட்காரர். விடிவதற்கு முன்பே விநாயகர் பாட்டோடு தொடங்குவார். அதற்கு முன்னதாகவே, பல் துலக்காத வாய்க்கு நேராக டபராவில் காபி வந்து நிற்கும். காலையில் இத்தாலியர் இனிப்பு ரொட்டியும் கப்புச்சினோவும் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இதை ஏளனம் செய்யும் தகுதி நமக்கு இல்லை. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை, யாருக்கோ என்று வாங்கி வந்த பொட்டலத்திலிருந்து, வெறும் வயிற்றில் விரலால் வழித்துச் சாப்பிட்டவர்கள் தறி வீட்டிலேயே இருவர் இருந்தனர்.

பருவம் என்ற வகையிலும் நம் விடுதியே மேல். இத்தாலியக் கடற்கரைக்கு ஆகஸ்ட் மாதம்தான் உச்சம்; குளிர்காலம் வந்தால் பல விடுதிகள் பூட்டிக்கொள்ளும். இங்கே தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள். கல்யாணம் கூடாத ஆடியிலும் ஓய்வு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு ஒரு கூட்டம், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏற இன்னொரு கூட்டம். மலையேறுகிறவர்கள் எந்தத் தெருவில் சொந்தம் இருக்கிறது என்பதை அடிவாரத்துக்கு வரும்போதுதான் நினைவுகூர்வார்கள்.

ஆயினும் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போய்விட்டன. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏ.சி. ரூம் போட்டுவிடுகிறார்கள். பெட்டியை வைக்க ஓர் இடம், கதவைச் சாத்தினால் யாரும் வரமாட்டார்கள். வந்தவர்கள் வரவேற்பில் சாப்பிட்டுக் கையைத் துடைத்த ஈரம் காயுமுன் காரைத் திருப்புகிறார்கள். திண்ணை இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், பெங்களூர் என்று போய்விட, தெருவுக்கு இரண்டு மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. நிலநடுக்கம் எதுவும் இல்லாமலேயே ஃப்ரியூலியின் நிலைமையை நாம் எட்டிவிட்டோம். அங்கே வீடு காலியான பிறகு விருந்தாளியை வரவழைத்தார்கள். இங்கே விருந்தாளி நின்றுபோன சமயத்தில் வீடு காலியாகிறது. இந்த இடத்தில் இவ்வாய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கட்டணம். 2011ல் வந்த சட்டப்படி இத்தாலிய நகராட்சிகள் தலைக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று தங்கல் வரி வாங்கலாம். அறை வாடகை தனி. சுந்தரபாண்டியத்தில் தங்கல் இலவசம் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் நினைப்பார். மண்டப வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருக்கிறார்களே, அது என்ன? ஒருவர் பணத்தை வாங்க, மற்றவர் ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார். 101, 501, 1001. மதுரை வட்டாரத்தில் இப்போது லேப்டாப்பில் மொய் ஏற்றி ரசீதும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே விடுதிக்கு வேண்டிய ஆவணம் எல்லாம் கைவசம் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. இத்தாலியில் காலையில் அறையைக் காலி செய்து பணம் கட்டினால் கணக்கு முடிந்தது. மொய் நோட்டில் கணக்கு அப்போதுதான் ஆரம்பம். எழுதிய 501 நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும், கொஞ்சம் கூடவே வரும். அதற்குமேல் நாம் கூட்ட வேண்டும். நோட்டு பீரோவில் இருக்கும். அதைத் தூக்கிப் போட்ட வீடு எதையும் ஆய்வாளர் கண்டதில்லை.

தவிரவும், டாலாராவின் இலக்கணத்தில் இல்லாத ஒரு விதி இங்கே நடைமுறையில் இருக்கிறது: விடுதிக்காரர் விருந்தாளி வீட்டுக்கு வந்து தங்குவது. மதுரையில் இரண்டு அறை வீட்டில் வசிக்கும் இவ்வாய்வாளருக்குப் போன வாரம் பெரியம்மாவிடமிருந்து போன். வலது கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. “ஒரு வாரம் ஒங்க வீட்லதான் இருக்கணும் மாப்ளே. தொணைக்கு மதினி வாரா, அவ புள்ளைங்க ரெண்டும் தனியா இருக்காதுக.” பெரியப்பா வருவாரா என்று கேட்கலாமா கூடாதா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. பாய் இரண்டுதான் இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு ஜமுக்காளம் கேட்டிருக்கிறோம். மூலையில் எழுத்து தைக்காத ஜமுக்காளம் அது.