பதின்மூன்று வென்றும் வெளியே

கே: 2023-இல் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி தேர்வு நாள்வரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆனாலும், தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் அதைச் சேர்க்கவில்லை. இது சரியா?

ப: தவறு. நூற்றுக்கு நூறு வாங்கியவனைப் பார்த்து, 'அடுத்த பரீட்சையில் நீ தேறமாட்டாய்' என்று பள்ளியை விட்டு அனுப்பியது போன்ற தீர்ப்பு அது. அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து விழுந்தார். அவர் இல்லாமல் அணி பலவீனம் என்று தேர்வுக்குழு முடிவுகட்டி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவைச் சேர்த்துக்கொண்டது. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்க விதியில் இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் டிராவிஸ் இல்லாமலே அந்த அணி புளோரிடா பல்கலைக்கழக அணியை 24-15 என்று வென்றது. லூயிவில்லை 16-6 என்று அடக்கி, தன் மண்டலப் பட்டத்தையும் எடுத்தது. தடுப்பாட்டக்காரர்கள் வென்று தந்த ஆட்டங்கள் அவை. களத்தில் நிரூபித்ததை விட்டு, நடக்காத ஆட்டத்தைக் கற்பனை செய்து தீர்ப்பெழுதினால் லீக் ஆட்டங்கள் எதற்கு?

'பிறகு பருவ முடிவு ஆட்டமான ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியதே!' என்பார்கள். பட்ட வாய்ப்பே போனபின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்காத ஆட்டம் அது. தேர்வுக்குழுவின் முடிவுக்கு விளைவே தவிர, சாட்சி அல்ல. தேர்வான அலபாமாவும் அரையிறுதியில் மிச்சிகனிடம் தோற்றது. அடுத்த பருவத்தில் பட்டத்துக்கு மோதும் இடங்கள் பன்னிரண்டாகின. புளோரிடா ஸ்டேட்டுக்கு அது ஓராண்டு தாமதம்.