வாராத விரலும் யூ-பூட்டின் 2 வினாடிகளும்: ஓர் ஆய்வு

ரௌட்டர் முதலான கருவிகளில் மின்சாரம் வந்ததும் லினக்ஸுக்கு முன்னே விழிப்பது பூட்லோடர். லினக்ஸை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்குவதே அதன் தொழில். அவ்வகையில் பெருவழக்குடைய யூ-பூட், 2002 வரை பிபிசிபூட் எனப்பட்டது. புறப்படுமுன், ஏதேனும் ஒரு கீயை அழுத்தினால் நிறுத்துவதாக அறிவித்து அது எண்ணத் தொடங்கும். உள்ளீடு அடைக்கப்பட்ட கருவியில் இவ்வறிவிப்பு யாரை நோக்கியது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

எண்ணும் கால அளவை 'பூட்-டிலே' என்ற மாறி ஆள்கிறது. வேறு மதிப்புத் தராவிடில் அது 2. மதிப்பு 0 எனில் காத்திருப்பு இல்லை; ஆயினும் கீ அழுத்தப்பட்டுள்ளதா என ஒருமுறை பார்க்கும். –1 எனில் தானாகப் புறப்படாது, கட்டளைக்காக நிற்கும். –2 எனில் எவரையும் கேளாது கிளம்பும். ஆக, சுழியத்துக்குக் கீழே ஒருபடி இறங்கினால் பொறுமைக்கு எல்லையில்லை. மறுபடி இறங்கினால் பொறுமையே இல்லை. இக்கணிதம் பள்ளிகளில் கற்பிக்கப்படுவதில்லை.

உள்ளீட்டை அடைக்க ஒரு வழி, அதை 'நல்டெவ்' என்னும் வெற்றுக் கருவிக்குத் திருப்புவது. எழுத்து வந்ததா என்று எப்போது கேட்டாலும் நல்டெவ் இல்லையென்றே சொல்லும். ஆனால் எண்ணும் நிரற்பகுதிக்கு இச்செய்தி எட்டுவதில்லை. அது 10 மில்லிவினாடிக்கு ஒருதரம் கேட்கிறது. 2 வினாடியில் ஏறத்தாழ 200 முறை. வாசலைச் சுவரெழுப்பி மூடிவிட்டு விருந்தாளி வந்தாரா என்று எட்டியெட்டிப் பார்க்கும் வீட்டுக்காரரே இதற்கு நிகர்.

–1 வகையின் நிலையோ இரங்கத்தக்கது. அது கட்டளைக்காக நிற்கிறது. கட்டளை வர வழியில்லை.

இதற்கு முன்னோர் வழக்கும் உண்டு. பழைய பூட்லோடரான லைலோவின் அமைப்புக்கோப்பில் 'பிராம்ப்ட்' இருந்து 'டைம்அவுட்' இல்லையெனில், ஆளற்ற அறையின் சர்வர் மின்தடைக்குப் பின் கேள்வி கேட்டபடியே நின்றுவிடும்.

உள்ளீட்டை ஏன் அடைக்க வேண்டும் என்ற மறுப்பு எழலாம். அடைக்காவிடில் விரல் இல்லாமலே கீ அழுத்தப்படும் என்பது விடை. எதனோடும் இணையாமல் மிதக்கும் சீரியல் உள்ளீட்டு முனையில் மின்னிரைச்சல் புகுந்தால், யூ-பூட் அதை எழுத்தெனக் கொண்டு நின்றுவிடும். யூ-பூட் வழித் துவங்கும் ராஸ்பெர்ரி பையின் சீரியல் முனையில் ஜிபிஎஸ் மாட்டினாலும் அதுவே நேரும்: ஓயாது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் அதன் முதல் பைட்டிலேயே துவக்கம் தடைபடும்.

எனவே அடைப்போர் –2 வைத்தலே முறை. கேட்க ஆளில்லாதபோது கேள்வியும் வேண்டா. அடைக்காதோர்க்கு, குறித்த சொல்லைத் தட்டினாலன்றி நிற்காத ஏற்பாடும் யூ-பூட்டில் உண்டு. மின்னிரைச்சல் அச்சொல்லைத் தற்செயலாக உச்சரிக்க எத்தனை காலமாகும் என்பது மேலாய்வுக்குரியது.