மஞ்சக் கடுதாசிக்கு முன்னாடி

வாடா மருமவனே, உக்காரு. கோர்ட்டு கவரோட ஆள் வந்தப்ப கதவைச் சாத்திக்கினு பின்பக்கமா ஏலகிரிப் பக்கம் பஸ் ஏறிட்டியாமே? ரொம்ப நல்ல காரியம். உனக்குக் கடன் குடுத்தவன் கேள்விப்பட்டா ஆம்பூர் பிரியாணியே வாங்கித் தருவான். இனிமே அவன் வக்கீலுக்கு வேலையே இல்ல பாரு.

நீ வாங்கலேன்னா கவர் வரலேன்னு நினைச்சியா? மறுத்தா வாங்கினதாத்தான் எழுதிப்பாங்க. ஆளே சிக்கலேன்னா கதவுல ஒட்டிட்டுப் போவாங்க. வாய்தா அன்னிக்கி உன் பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. நீ டீக்கடையில கீற. ஆயிப்போச்சு எக்ஸ்பார்ட்டி டிகிரி, ஒருதலைத் தீர்ப்பு. நீ ஏற்கெனவே கட்டின அசல், அவன் எழுதிக்கிட்ட பொய், எதையும் அங்க யாரும் கேக்க மாட்டாங்க. அந்த டிகிரியை வச்சுக்கினு 12 வருசம் வரைக்கும் நிறைவேத்து மனு போடலாம். அதை ரத்து பண்ண உனக்குக் கிடைக்கிறது 30 நாள். காரணமும் சொல்லணும். "ஏலகிரிக்குப் போயிருந்தேன் ஐயா"ன்னு சொல்லிப் பாரு, ஜட்ஜு சிரிப்பாரு.

கவரைப் பாத்து இவ்ளோ பயப்படுறவன், தண்டல்காரன் நீட்டின வெத்து புரோநோட்டுல ரெவின்யூ ஸ்டாம்பு மேல கையெழுத்து போட்டப்ப இன்னா தைரியம்! தொகை எழுதல, தேதி எழுதல. கூடவே ஒரு வெத்து செக்கு. அந்தத் தைரியத்துல கால்வாசி இருந்தாக்கூட இப்ப கோர்ட்டு வாசலுக்குப் போயிடலாம். செக்கு திரும்பினா வர்ற வக்கீல் நோட்டீசை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதே. கைக்கு வந்த 15 நாளுக்குள்ள கட்டிட்டா கேஸ் இல்ல. தாண்டினா 138வது பிரிவுல செக்கு கேஸ். ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல செக்குத் தொகையில ரெட்டிப்பு வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட சேர்ந்து வரலாம்.

மத்தபடி சாதாரண பணக் கடனுக்கு உன்னை உள்ள தள்ளிடுவான்னு ஒருத்தன் மிரட்டினா, 1980ல சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்பைக் கேட்டிருக்கியான்னு கேளு. கையில வசதி வச்சுக்கினே கட்ட மாட்டேன்னு அடம் பிடிக்கிறவனுக்குத்தான் சிவில் ஜெயிலு. நெசமாவே இல்லாதவனுக்கு இல்ல. பொம்பளைங்களைப் பண டிகிரிக்காகக் கைது பண்ணவே முடியாது. அமீனா ஜப்திக்கு வந்தாலும் சமையல் பாத்திரம், பாய் படுக்கை, உன் சம்சாரத்துத் தாலி, கைத்தொழில்காரனோட சாமான் இதையெல்லாம் தொட முடியாது. ஷூ கம்பெனி சம்பளத்துலயும் முதல் 1,000 ரூபாயும், மீதியில மூணுல ரெண்டு பங்கும் உனக்குத்தான். இதெல்லாம் சிவில் நடைமுறைச் சட்டத்துலயே கீது. உன் கந்துக்காரனுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டின்னு வாங்குறது தப்புன்னு 2003லயே தமிழ்நாட்டுச் சட்டம் வந்துடுச்சு. மூணு வருசம் வரைக்கும் தண்டனை. அரசு வச்ச வட்டியோட அசலைக் கோர்ட்டுலயே கட்டி, "என் கடன் தீந்துச்சு"ன்னு மனு போடவும் அதுல வழி கீது. குழுக்கடன் ஆளுங்க காலையில ஒன்பதுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறுக்கு மேலயும் வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி. வந்து நின்னா உன் சம்சாரம் அழுவுறதை விட்டுட்டு செல்போனை எடுத்து நேரத்தைப் படம் பிடிக்கட்டும்.

"மஞ்சக் கடுதாசி குடுத்துடுவேன் மாமா"ங்கிற. குடேன். 1920ல போட்ட திவால் சட்டம் இன்னும் உசுரோடத்தான் கீது, 500 ரூபாய்க் கடனுக்கே குடுக்கலாம். ஆனா சொத்து மொத்தமும் அஃபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். ஊரை ஏய்க்க மச்சான் பேருக்கு எழுதி வச்ச வீடு ரெண்டு வருசத்துக்குள்ள எழுதினதா இருந்தா அதையும் இழுத்துப் போடுவாங்க. அப்பறம் மச்சானும் பேச மாட்டான்.

கடன் வாங்கினவன் கதை இது. கடன் குடுத்து ஏமாந்தவங்க இன்னும் பெரிய கெட்டிக்காரங்க. காட்பாடி ஐ.எஃப்.எஸ். நிதிக் கம்பெனி ஞாபகம் கீதா? லட்சம் போட்டா மாசம் 8,000. பேங்கு ஒரு வருசத்துக்குத் தர்றதை இவங்க ஒரு மாசத்துக்குத் தர்றாங்கன்னா, யாரோட பணத்தை எடுத்து யாருக்குத் தர்றாங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? 2022ல பொருளாதாரக் குற்றப்பிரிவு ரெய்டு வந்தப்ப, போலீஸ் கணக்குல தொகை 6,000 கோடி அளவுக்குப் போச்சு. அதே சமயத்துல சென்னையில ஆருத்ரான்னு இன்னொரு கம்பெனி, 2,438 கோடி.

அதுலயும் வேடிக்கை, நிறைய சனம் புகாரே குடுக்கல. சேத்துவிட்ட ஏஜெண்டு சொந்தக்காரனாம். "புகார் குடுத்தா உனக்கு வராது, சும்மா இருந்தா வந்துடும்"னானாம். சும்மா இருந்ததுல வந்ததைத்தான் பாக்குறோமே! முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்னு 1997லயே ஒண்ணு போட்டிருக்காங்க. அதுப்படி அரசு சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் மூலமா வித்து, உரிமை காட்டினவங்களுக்கு விகிதப்படி பிரிச்சுத் தரும். லேட்டாகும், முழுசா வராது. ஆனா பட்டியல்ல பேரே இல்லாதவனுக்கு எந்த விகிதம்? பாண்டு, பேங்க் பாஸ்புக், ஏஜெண்டு அனுப்பின வாட்ஸ்அப், எல்லாத்தையும் நகல் எடுத்துக் குடுத்தாகணும்.

காசு இல்லேன்னு சாக்கு சொல்லாதே. தொழிற்சாலைத் தொழிலாளி, பொம்பளைங்க, பட்டியல் சாதி, பழங்குடிக்காரங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டம் சொல்லுது. போன் 15100. எதிராளி இறங்கி வந்தா லோக் அதாலத்துல பேசி முடிச்சுக்கலாம், கோர்ட்டு ஃபீஸும் திரும்ப வரும். ஆனா அங்க போடுற கையெழுத்துக்கு அப்பீல் கிடையாது, படிச்சுட்டுப் போடு.

அந்தக் கவர் கதவுலயே ஒட்டியிருக்குமே, கிழிக்காம எடுத்துக்கோ. வாய்தா தேதி என்னன்னு பாரு. திங்கக்கிழமை கோர்ட்டு வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் குழு ஆபீசுக்குப் போ. பஸ் காசு வேணுமா? தர்றேன், வட்டி கேக்க மாட்டேன். புரோநோட்டு மட்டும் எழுதிக் குடு.