மாத்திரையும் மாக்கட்டியும்

கேள்வி: கல்முனைக் கரையோர மக்கள் பொலிஸாரை நம்புகிறார்களா?

பதில்: எந்த நாளில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது!

2018 பெப்ரவரி 26 இரவு, அதே மாவட்டத்தின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை கிடந்ததாகக் கதை கட்டினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தப்பவில்லை. பொலிஸார் வந்து சேர்ந்தது தாமதம் என்பது மக்களின் மனக்குறை. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். அது வெறும் மாக்கட்டி. அப்படியொரு மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. வதந்தி மோட்டார் சைக்கிளில் வந்தது, அறிக்கை மாட்டு வண்டியில்.

அந்தக் கசப்போடு கரையோரத்தார் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் 2019 ஏப்ரல் 26இல், உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஐந்தே நாளில், அதே கரையோரத்துச் சாய்ந்தமருதில் வாடகை வீட்டில் தங்கியிருந்த, தாக்குதலை நடத்திய சஹ்ரானின் கூட்டத்தைப் பற்றித் துப்புக் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே.

மேலிடத்திலோ வேறு கதை. இந்தியாவின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே வந்திருந்தும் தாக்குதல் தடுக்கப்படவில்லை. அதற்காக 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவை 7.5 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தச் சொன்னது.

ஆகவே, மக்களை நம்புகிறீர்களா என்று பொலிஸாரிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.