ஓடுவதும் ஃபாஸ்ட், ஓடாததும் ஃபாஸ்ட்

கேள்வி: 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று படித்த என் மகள், 'ஃபாஸ்ட் கலர்' என்றால் சீக்கிரம் வெளுத்துப்போகும் சாயமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: எத்தனை முறை துவைத்தாலும் போகாத சாயம் என்று சொல்லுங்கள். அருமையான கேள்வி கேட்டதற்காக ஒரு முத்தமும் கொடுங்கள்! பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'உறுதியான, அசையாத' என்பதுதான் பொருள். விடாப்பிடியாக ஓடுகிறவன் விரைவாகவும் ஓடுவான் அல்லவா? அந்த வழியாக வேகம் பிறகு வந்து சேர்ந்தது. இன்று பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகமாவது பின்னால் வந்த பொருள்தான்.

மூத்த பொருளும் இடத்தைக் காலிசெய்யவில்லை. 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் ஆழ்ந்த உறக்கம். அவசரத் தூக்கம் அல்ல. காசநோய்க் கிருமியை மருத்துவர்கள் 'ஆசிட் ஃபாஸ்ட்' என்கிறார்கள். சளி மாதிரியில் சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவினால் மற்றப் பெரும்பாலான கிருமிகள் சாயத்தை உதறிவிடும். இது மட்டும் விடாது. சீல்-நீல்சன் சோதனை அதை அடையாளம் காண்பது இந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான். உண்ணாநோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்'டும் இதே குடும்பம்: உறுதியைப் பற்றிக்கொள்வது. அதை முறிக்கும் வேளை பிரேக்ஃபாஸ்ட்.

பொருள் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், பாவம். பக்கத்துச் சொல்லோடு ஜோடியாகவே சொல்லிக்கொடுங்கள். சாயத்தோடு வந்தால் போகாதது, தூக்கத்தோடு வந்தால் ஆழ்ந்தது, ரயிலோடு வந்தால் விரைவு. கடிகாரம் 'ஐந்து நிமிடம் ஃபாஸ்ட்' என்றால் மணியை முந்திக் காட்டுகிறது. பள்ளிக்குக் கிளம்ப அவளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.